ஹெவி லைசென்ஸ் எடுக்கப் போகிறீர்களா? முதலில் கண்ணைப் பாருங்கள்

லாரி ஓட்ட லைசென்ஸ் எடுக்க, கார் போன்ற சிறு வாகனங்களுக்கான லைட் மோட்டார் லைசென்ஸ் ஓர் ஆண்டாவது கையில் இருக்க வேண்டும், வயது 20 ஆகியிருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். பலர் கடைசி நேரத்தில் அலைவது படிவம் 1ஏ என்ற மருத்துவச் சான்றிதழுக்குத்தான். லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வாகனத்துக்கு இது கட்டாயம். நீங்களே கையெழுத்துப் போடும் படிவம் 1 மட்டும் போதாது. பதிவு பெற்ற மருத்துவர் பரிசோதித்துத் தர வேண்டும்.

இதில் முக்கியம் பார்வை. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று படிவம் கேட்கிறது. கண்ணாடி போட்டுப் படித்தாலும் சரிதான். அதனால் மருத்துவரிடம் போகுமுன் தெருவில் நின்று நீங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். மங்கலாகத் தெரிந்தால் முதலில் கண்ணாடி வாங்குங்கள், அப்புறம் சான்றிதழ். மாலைக்கண் இருக்கிறதா என்ற கேள்வியும் உண்டு. இரவு முழுக்க ஓட்டும் தொழிலில் அதை மறைப்பது தற்கொலைக்குச் சமம். நிறக்குருடு லேசாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் 2020-க்குப் பிறகு தடை இல்லை; கடுமையானதென்றால் கிடைக்காது.

காது, கை கால், மூட்டு எல்லாம் பார்ப்பார்கள். வலிப்பு வந்ததுண்டு என்றால் உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

சான்றிதழை வாங்கியதும் புகைப்படம், மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் மூன்றும் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். பரிசோதிக்காமலே முத்திரை குத்தித் தரும் இடங்களும் உண்டு, அந்தப் பக்கம் போகாதீர்கள். லைசென்ஸைப் புதுப்பிக்கும்போதும் இதே படிவம் மறுபடி வேண்டும்.