நாஸ் பெட்டி தெரியல்லயா? டிஸ்க்கக் கழட்ட முதல் இதப் பாருங்க

வீட்டில எல்லாரும் போட்டோ, வீடியோவப் போட்டு எடுக்கிறதுக்கு டிஸ்க்கோட வீட்டு நெட்வேர்க்கில கொழுவி வச்சிருக்கிற நாஸ் பெட்டி திடீரெண்டு கொம்பியூட்டர்ல தெரியாமப் போனா எல்லாருக்கும் முதல் வாற யோசன டிஸ்க் செத்துப் போச்சு எண்டுதான், ஆனா அது பெரும்பாலும் சாகல்ல, வயர், ரவுட்டர், பாஸ்வேர்ட் இதுல ஏதோ ஒண்டுதான் குழம்பியிருக்கும். உள்ள கிடக்கிற போட்டோவும் வீடியோவும் அழியிறது அதுக்குப் பொறகு நாம பதறிப்போய்ச் செய்யிற வேலையாலதான். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் கலியாண வீட்டு வீடியோ செய்யிற ஆக்கள், வெளிநாட்டில பிள்ளைகள் இருக்கிற வீடுகள் எண்டு இப்ப நிறையப் பேர் இந்தப் பெட்டி வச்சிருக்காங்க, அவங்களுக்காகத்தான் எழுதுறன்.

முதல் பிழை, நெட்வேர்க்கப் பாக்காம டிஸ்க்கில கை வைக்கிறது. கரண்ட் போய் வந்தா ரவுட்டர் சில நேரம் பெட்டிக்கு வேற ஐபி, அதாவது நெட்வேர்க்கில அத அடையாளம் காட்டுற நம்பர், குடுத்திரும், நீங்க பழைய நம்பர வச்சு கொழுவின டிரைவ் சிவப்புப் புள்ளடியோட நிக்கும். ரவுட்டர் பேஜுக்குள்ள போய் கனெக்ட் ஆகியிருக்கிற லிஸ்டப் பாருங்க, புது நம்பர் இருந்தா பைல் எக்ஸ்ப்ளோரர்ட மேல் பட்டையில ரெண்டு பேக்ஸ்லாஷ் போட்டு அத அடிச்சா திறக்கும், மறுகா அந்த நம்பர ரவுட்டர்லயே பெட்டிக்கெண்டு ஒதுக்கி விடுங்க. 169.254 எண்டு தொடங்கிற நம்பர் வந்திருந்தா பெட்டிக்கு ரவுட்டர் ஐபி குடுக்கவே இல்ல எண்டு அர்த்தம், வயரப் பாருங்க.

4ஜி ரவுட்டர்லயிருந்து பைபருக்கு மாறின வீடுகள்ல இன்னொண்டு நடக்கும். பழைய ரவுட்டர் 192.168.8 எண்டு குடுத்திருக்கும், புதுசு 192.168.1 எண்டு குடுக்கும், பெட்டியில ஐபிய நிரந்தரமா போட்டு வச்சிருந்தா அது பழைய நம்பரோட தனிய நிண்டுரும், ஆரும் காணமாட்டாங்க. லெப்டொப்ப வயரால நேரா பெட்டியில கொழுவி, லெப்டொப்புக்கு அந்தப் பழைய வரிசையில ஒரு நம்பரக் குடுத்து, பிரவுசரால உள்ள போய் ஐபி செட்டிங்க ஓட்டோமெட்டிக்குக்கு மாத்தினா முடிஞ்சுது.

பெட்டி தெரியிது ஆனா பைல் கொப்பி ஆகுறது செக்கனுக்கு 11, 12 எம்பிக்கு மேல போகுதில்ல எண்டா அதுவும் டிஸ்க் கோளாறு இல்ல. கிகாபிட் வேகத்துக்கு நெட்வேர்க் வயர்ல எட்டுக் கம்பியும் வேணும், ஒண்டு விட்டாலும் 100 மெகாபிட்டுக்கு இறங்கிரும், கடல்காத்துக்கு நம்மட பக்கம் பிளக் முனை கறுத்துப் போறது சாதாரணம்.

விண்டோஸ் அப்டேட்டுக்குப் பொறகு திறக்கல்ல எண்டு சொல்றவங்கதான் கூட. 2017ல வன்னாக்ரை வைரஸ் உலகம் முழுக்க ஓடினது நெட்வேர்க்கில பைல் பகிர்ற எஸ்எம்பி 1 எண்ட பழைய முறையில இருந்த ஓட்டையாலதான், அந்த வருசக் கடைசியில வந்த விண்டோஸ் 10லயிருந்து அது நிப்பாட்டித்தான் வருது. யூடியூப்பப் பாத்து அத திரும்ப ஓன் பண்ணாதீங்க, பெட்டிட பேம்வெயர, அதாவது அதுட உள் மென்பொருள, அப்டேட் பண்ணி எஸ்எம்பி 2, 3 ஓன் பண்ணுங்க. விண்டோஸ் 11ட 24எச்2 வந்த பொறகு பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் போல்டரயும் புரோ பதிப்பு திறக்காது, அதுக்கு ரெஜிஸ்ட்ரியத் தோண்ட வேண்டியதில்ல, பெட்டியில ஒரு யூசர், ஒரு பாஸ்வேர்ட் போட்டாக் காணும்.

இனிச் சொல்றதுதான் மனசு நோகுற விசயம். ஒண்டும் சரிவரல்ல எண்டதும் டிஸ்க்கக் கழட்டி விண்டோஸ் கொம்பியூட்டர்ல கொழுவுறாங்க. அந்த டிஸ்க் லினக்ஸ்ட ஈஎக்ஸ்டி4 இல்லாட்டி பிடிஆர்எஃப்எஸ் முறையில எழுதினது, விண்டோஸுக்கு அத வாசிக்கத் தெரியாது, அதனால போர்மட் பண்ணினாத்தான் பாவிக்கலாம் எண்டு ஒரு கேள்வி வரும், ஓம் எண்டு அமத்தின நிமிசமே பிள்ளைட முதலாம் பிறந்தநாள் எல்லாம் போச்சு. கான்சல் மட்டும் அமத்துங்க. இனிசியலைஸ் எண்டு கேட்டாலும் கான்சல்தான். பென்டிரைவில உபுண்டு எண்ட லினக்ஸப் போட்டு அதால திறந்து, ஒண்டும் எழுதாம வாசிக்க மட்டும் விட்டு, வேற டிஸ்க்குக்குக் கொப்பி எடுங்க, ரெண்டு டிஸ்க்லயும் ஒரே மாதிரி எழுதுற ரெய்ட் 1 எண்டா ஒரு டிஸ்க்கே காணும். டக் டக் எண்டு சத்தம் வந்தா அதுவும் வேணாம், உடனே கரண்ட நிப்பாட்டிட்டு டேட்டா மீட்கிற ஆக்களிட்டக் குடுங்க, ஓட ஓடத்தான் தட்டு இன்னும் கீறுப்படும்.

ரீசெட் பட்டனும் அப்படித்தான். சில மொடல்ல நாலு செக்கன் அமத்தினா பாஸ்வேர்டும் நெட்வேர்க் செட்டிங்கும் மட்டும்தான் மாறும், வேற மொடல்ல வேற மாதிரி, அதனால உங்கட பெட்டிட மனுவலப் பாக்காம ஊசியக் கையில எடுக்காதீங்க. ரீசெட்டுக்குப் பொறகு புதுசா ஸ்டோரேஜ் உருவாக்கவா எண்டு வாற பேஜில கண்ண மூடிக்கொண்டு நெக்ஸ்ட் நெக்ஸ்ட் எண்டு போனா பழையதுக்கு மேல புதுசு எழுதப்படும்.

ரெண்டு டிஸ்க்ல ஒண்டு பழுதெண்டு பெட்டி சொன்னா, எது பழுதெண்டு சீரியல் நம்பர ஒப்பிட்டுப் பாத்த பொறகு கழட்டுங்க, அவசரத்தில நல்ல டிஸ்க்க உருவினவங்க இருக்காங்க. புது டிஸ்க் போட முதல் முக்கியமானதுகள வெளிய கொப்பி எடுங்க, ஏனெண்டா ரீபில்ட், அதாவது புது டிஸ்க்கில எல்லாத்தையும் திரும்ப எழுதுறது, ஓடுற நேரம் மிச்சமிருக்கிற டிஸ்க் மணித்தியாலக் கணக்கா விடாம உழைக்கும், அதுவும் அதே வயசுதானே. வாங்கேக்க எஸ்எம்ஆர், அதாவது கோடுகள ஒண்டுக்கு மேல ஒண்டு நெருக்கி எழுதுற வகையா எண்டு கேளுங்க, 2020ல வெஸ்டர்ன் டிஜிட்டல் தன்ட ரெட் வரிசையிலயே சிலது அந்த வகைதான் எண்டு ஒத்துக்கொண்டது, அதுகள் ரீபில்டில இழுபடும்.

கரண்டுக்கு யூபிஎஸ் வைங்க, அதுட யூஎஸ்பி வயரயும் பெட்டியில கொழுவுங்க, அப்பதான் பட்டரி இறங்க முதல் தானா மூடும். ஒக்டோபர், நவம்பர் இடிமழைக்கு பிளக்கோட சேத்து நெட்வேர்க் வயரயும் கழட்டுங்க, மின்னல் அதாலயும் வரும்.

கட்டார்ல இருக்கிற தம்பி பாக்கணும் எண்டு ரவுட்டர்ல போர்ட் திறந்து விடுறது பெரிய ஆபத்து. 2021 ஜூன்ல இன்டர்நெட்டுக்குத் திறந்து கிடந்த வெஸ்டர்ன் டிஜிட்டல்ட மை புக் லைவ் பெட்டிகள் தூரத்திலயிருந்தே ரீசெட் பண்ணப்பட்டு வெறுமையாப் போச்சு, 2022 ஜனவரியில டெட்போல்ட் எண்ட வைரஸ் கியூநாப் கொம்பனிட நாஸ் பெட்டிகளப் பூட்டிக் காசு கேட்டது. வயர்கார்ட், டெயில்ஸ்கேல் மாதிரி விபிஎன், அதாவது வெளியாக்களுக்குத் தெரியாத தனி வழி, போட்டா தம்பியும் பாப்பான், வேற ஆரும் வரமாட்டாங்க.

ரெய்ட் இருக்கு, பெக்கப் எதுக்கு எண்டு கேக்கிறவங்களுக்கு ஒண்டு. ஒரு போல்டர அழிச்சா ரெண்டு டிஸ்க்லயும் அதே செக்கன்ல அழியும். 2004 டிசம்பர் 26 சுனாமியில நாவலடி, கல்லடியிலயிருந்து மருதமுனை, கல்முனை மட்டும் எத்தன வீட்ட ஆல்பம் அலுமாரியோட போனது, செத்தவங்கட ஒரு படம் கூட இல்லாம இண்டைக்கும் இருக்கிற குடும்பங்கள் இருக்கு. ஒரே வீட்டில ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு டிஸ்க் இருந்து என்ன, கடற்கரையில இருக்கிறவங்க மூண்டாவது கொப்பி ஒண்ட செங்கலடியிலயோ அம்பாறையிலயோ சொந்தக்காரர் வீட்டில வைங்க. வருசத்துக்கு ரெண்டு தரமாவது அத எடுத்து வந்து ஒரு போல்டரத் திருப்பிக் கொப்பி பண்ணி, வீடியோ ஒண்டக் கடைசி மட்டும் ஓட விட்டுப் பாருங்க.