கடலடி நுண்ணோடுகளில் பழைய வெப்பமும் மழையும்: அளப்பது எப்படி?

வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பில் மிதந்து வாழும் ஃபொராமினிஃபெரா எனும் சுண்ணாம்பு ஓடுள்ள ஒருசெல் உயிரிகளில், குளோபிஜெரினாய்டஸ் ரூபர் இனத்தின் வெள்ளை வகையே பழைய கடல் வெப்பத்தையும் மழையையும் கணிக்க முதல் தேர்வு. கடலடிப் படிவை 63 மைக்ரான் சல்லடையில் அலசி உலர்த்தி, 250–355 மைக்ரான் ஓடுகளை மட்டும் நுண்ணோக்கியில் பொறுக்குங்கள். ஓட்டின் அளவு மாறினால் வேதியியலும் மாறும்.

40–60 ஓடுகளை இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, அறைகள் திறக்குமளவு மெல்ல நொறுக்குங்கள். மாவாக்கிவிட்டால் கழுவும்போதே பாதி போய்விடும். நொறுங்கியதைக் கலந்து ஒரு பங்கை வெப்பநிலை காட்டும் மெக்னீசியம்/கால்சியம் விகிதத்துக்கும், மறு பங்கை வெப்பத்தோடு கடல்நீரின் தன்மையையும் காட்டும் ஆக்சிஜன் ஐசோடோப்புக்கும் (ஆக்சிஜன்-18, ஆக்சிஜன்-16 விகிதம்) ஒதுக்குங்கள்.

மெக்னீசியப் பங்கைக் கழுவுவதில்தான் முக்கால்வாசி வேலையும். அல்ட்ராசோனிக் தொட்டியில் தூய நீரால் பலமுறை, பிறகு மெத்தனாலால். கலங்கலை உடனுக்குடன் உறிஞ்சி எடுக்காவிட்டால் களிமண் திரும்பப் படிந்துவிடும். கரிமப் பொருளை நீக்க, 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 1% ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து சூடான நீர்த்தொட்டியில் 10 நிமிடம். கடைசியாக 0.001 மோலார் நைட்ரிக் அமிலத்தில் 30 நொடி. அதற்கு மேல் விட்டால் ஓடே கரையும். அளக்கையில் அலுமினியம், இரும்பு, மாங்கனீசையும் சேர்த்துப் பாருங்கள். அவற்றோடு மெக்னீசியமும் ஏறி இறங்கினால் அது வெப்பமல்ல, அழுக்கு.

இனி கணக்கு. மெக்னீசியம்/கால்சியம் விகிதத்தை 0.38 ஆல் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, 0.09 ஆல் வகுத்தால் வெப்பநிலை. 4.5 மில்லிமோல்/மோல் என்றால் சுமார் 27.5° செல்சியஸ். அதிலிருந்து 14.9 கழித்து 4.8 ஆல் வகுத்து, ஓட்டின் ஆக்சிஜன் ஐசோடோப்பு மதிப்பை (‰, அதாவது ஆயிரத்தில் பங்கு) கூட்டுங்கள். ஓடு −2.5‰ என்றால் கிடைப்பது 0.12‰, ஓட்டின் அளவுகோலிலிருந்து நீரின் அளவுகோலுக்கு மாற்ற 0.27 சேர்த்தால் கடல்நீர் 0.39‰. பனியுகக் காலத்து மாதிரியென்றால் பனிப்பாளங்கள் உண்டாக்கிய ஏற்றத்தையும் கழிக்க வேண்டும். பனியுக உச்சத்தில் அந்த ஏற்றம் ஏறக்குறைய 1‰. மிச்சம் குறைந்தால் நன்னீர் கூடியது, ஏறினால் ஆவியாதல் மிஞ்சியது.

களிமண்ணால் விகிதம் 4.9 ஆகிவிட்டால் 1 டிகிரி பொய் வெப்பம் வரும், கூடவே 0.2‰ பொய் வறட்சியும். ஆழ்கடலில் ஓடு அரைகுறையாகக் கரைந்திருந்தால் மெக்னீசியம் முதலில் போகும், பொய்க் குளிரும் பொய் மழையும் தெரியும். வெப்பமும் மழையும் ஒரே அடுக்கில் சேர்ந்தே தாவினால் முதல் சந்தேகம் பருவநிலை மீதல்ல, ஓட்டின் மீதே விழ வேண்டும்: அதே அளவு ஓடுகளின் சராசரி எடை குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆற்றுமுகத்துக்கு அருகிலுள்ள படிவானால் பேரியம்/கால்சியம் விகிதத்தையும் அளந்து பாருங்கள். ஆற்றுநீர் பெருகியிருந்தால் அதுவும் ஏறியிருக்கும்.