ரீகால் வந்த காரை செக் பண்றதுல நம்ம பக்கம் நடக்கற தப்புங்க

ஒரு மாடலை கம்பெனி ரீகால் பண்ணுதுன்னு, அதாவது வித்த வண்டியில கோளாறு இருக்கலாம்னு திரும்ப கூப்பிட்டு செக் பண்ணி சரி பண்ணி கொடுக்குதுன்னு, நியூஸ் வந்தா நம்ம பக்கம் முதல்ல வர்ற பதில், “நம்ம வண்டி நல்லாதானே ஓடுது, எதுக்கு போய் கைய வச்சுக்கிட்டு”. மத்த தப்பெல்லாம் இதுல இருந்துதான் கெளம்புது, அதனால இதையே முதல்ல பேசிடலாம். ரீகால்ல வர்ற கோளாறு பெரும்பாலும் ஓட்டும்போது தெரியற கோளாறே கிடையாது. பிரேக் பேட் தேஞ்சா சத்தம் வரும், கிளட்ச் போனா ஏத்தத்துல இழுக்காது, அதெல்லாம் நாமளே கண்டுபிடிச்சுக்கலாம். ஆனா ஏர்பேக் உள்ள பையை ஊத வைக்கற இன்ஃப்ளேட்டர் கெட்டுப்போனா அது வெடிக்கற அன்னைக்குதான் தெரியும்.

டகாடா ஏர்பேக் கதை தெரிஞ்சவங்களுக்கு நான் சொல்றது புரியும். அந்த ஜப்பான் கம்பெனி பையை ஊத வைக்கறதுக்கு அம்மோனியம் நைட்ரேட் போட்டுச்சு, அது வருஷக்கணக்கா வெயில்லயும் ஈரத்துலயும் கெடந்தா மெல்ல மெல்ல கெட்டுப்போகும், அப்புறம் என்னைக்காவது லேசா இடிச்சு ஏர்பேக் விரியும்போது மருந்து அளவுக்கு மேல வேகமா எரிஞ்சு அத சுத்தி இருக்கற இரும்பு கூடே உடைஞ்சு துண்டு துண்டா டிரைவர் மூஞ்சி மேலயும் கழுத்துலயும் பாயும். காப்பாத்த வச்ச சாமானே ஆளை கொன்னுச்சு, பல நாட்டுல. உலகத்துலயே பெரிய ரீகால் இதுதான், அமெரிக்காவுல மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர், கம்பெனி 2017ல திவாலாயிடுச்சு. இந்தியாவுலயும் ஹோண்டா 2017 ஜனவரில 41,580 கார், 2018 ஜனவரில 22,834 கார் இதுக்காகவே கூப்பிட்டுச்சு. அந்த காருங்க எல்லாம் அன்னைக்கு நல்லாதான் ஓடிட்டு இருந்துச்சு. ஒரு கூடுதல் விஷயம், இந்த கோளாறு வண்டிக்கு வயசாக வயசாகத்தான் அதிகமாகும், அதனால “பத்து வருஷமா ஒண்ணும் ஆகல, இனிமே என்ன ஆகப்போகுது”ங்கற கணக்கு இதுல அப்படியே தலைகீழ்.

ரீகால் ஆன எல்லா வண்டியும் ரிப்பேர் வண்டி கிடையாதுங்க, அதையும் சொல்லிடணும். ஒரு பேட்ச்ல கொஞ்சம் பீஸ்தான் கோளாறா இருக்கும், ஆனா எது நல்லது எது கெட்டதுன்னு வெளிய இருந்து பாத்து சொல்ல முடியாது, அதனால மொத்த பேட்ச்சையும் கூப்பிடறாங்க, செக் பண்ணிட்டு தேவைப்பட்டா மாத்தி விடறாங்க. “லட்சம் வண்டியில நம்மளுதா இருக்கப்போகுது”ன்னு விடறவங்க எங்க ஓட்டறோம்னு ஒரு தடவை யோசிக்கணும். 2023 ஜூலைல மாருதி 87,599 ஈகோ, எஸ்-பிரஸ்ஸோ வண்டிய கூப்பிட்டுச்சு, 2021 ஜூலை 5ல இருந்து 2023 பிப்ரவரி 15 வரைக்கும் செஞ்சது, ஸ்டியரிங் டை ராடுல பிரச்சனை, அபூர்வமா உடையலாம்னு கம்பெனியே சொல்லுச்சு. டை ராடுங்கறது ஸ்டியரிங்க திருப்புனா சக்கரத்தை திருப்பி விடற கம்பி. அது உடைஞ்சா அந்த பக்கத்து சக்கரம் நம்ம பேச்சை கேக்காது. நம்ம பக்கம் ஈகோ எதுக்கெல்லாம் ஓடுதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஸ்கூல் பசங்கள ஏத்திக்கிட்டு போகுது, ராயக்கோட்டை மண்டிக்கு தக்காளி பெட்டி அடுக்கிக்கிட்டு போகுது, கல்யாணத்துக்கு ஒரு குடும்பத்தையே அடைச்சுக்கிட்டு தொப்பூர் கணவாய்ல சேலம் பக்கம் இறங்குது, முன்னாடியும் பின்னாடியும் லாரி. அந்த இறக்கத்துல சக்கரம் பேச்சை கேக்கலன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல, அந்த ரோட்டுல போறவங்க பாத்திருப்பாங்க.

அடுத்தது நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துக்கே உரிய தப்பு. இங்க செகண்ட் ஹேண்ட் கார் வாங்கற நிறைய பேர் பெங்களூர்லதான் வண்டி எடுக்கறாங்க, விலை கம்மி, வண்டியும் நீட்டா இருக்கும், அங்க ஆர்டிஓல ஆட்சேபனை இல்லைன்னு என்ஓசி வாங்கி டிஎன் 24, டிஎன் 29, டிஎன் 70ன்னு மாத்திக்கறாங்க, சில பேர் கர்நாடகா கேஏ நம்பர்லயே ஓட்டிட்டு இருக்காங்க. ரீகால் லெட்டரும் மெசேஜும் கம்பெனி ரெக்கார்டுல இருக்கற ஓனருக்குத்தான் போகும், அதாவது வண்டிய வித்துட்டு போன பெங்களூர்காரருக்கு. அவரு அதை பாத்துட்டு டெலீட் பண்ணிடுவாரு. “எனக்கு லெட்டர் எதுவும் வரலயே”ங்கறது செகண்ட் ஓனருக்கு ஒரு ஆதாரமே கிடையாது.

பாலக்கோட்டுல இருக்கற எங்க சித்தப்பா இப்படித்தான் ஒரு கேஏ வண்டி எடுத்தாரு. “சித்தப்பா, ஆர்சிய எடுத்து சேசிஸ் நம்பர் படிங்க”ன்னு போன்ல கேட்டதுக்கு, “அதெல்லாம் எதுக்குப்பா, மெக்கானிக்க கூட்டிட்டு போய் பாத்துட்டுதான வாங்குனேன்”ன்னாரு. மெக்கானிக் நல்ல ஆளுதான், இன்ஜின் ஆயில் பாத்தாரு, டயர் பாத்தாரு, அடி வாங்குன வண்டியான்னு கதவு ரப்பரை எல்லாம் பிரிச்சு பாத்தாரு. ஆனா ரீகால் பெண்டிங் இருக்கான்னு கண்ணால பாக்க முடியாது. கடைசில நம்பரை படிச்சாரு, கம்பெனி வெப்சைட்ல போட்டா இன்ஜினுக்கு பெட்ரோல் அனுப்பற பியூவல் பம்ப் மாத்த வேண்டியது பாக்கின்னு வந்துச்சு. “அப்ப வாரண்டி முடிஞ்சிருச்சே, காசு கேப்பாங்களே”ன்னாரு உடனே. கேக்க மாட்டாங்க. ரீகால் வேலைக்கு பார்ட்டும் கூலியும் ப்ரீ, வாரண்டி முடிஞ்சிருந்தாலும் சரி, எத்தனாவது ஓனரா இருந்தாலும் சரி, இத்தனை நாள் வெளி ஒர்க் ஷாப்ல சர்வீஸ் விட்டிருந்தாலும் சரி. வண்டி வாங்குன ஷோரூமுக்கே போகணும்னும் இல்ல, அந்த கம்பெனியோட எந்த சர்வீஸ் சென்டர்லயும் பண்ணிக்கலாம்.

பியூவல் பம்புன்னா சாதாரணமா நெனைக்கறாங்க, நின்னா தள்ளிக்கலாம்னு. ஓடிட்டு இருக்கும்போது இன்ஜின் நின்னா என்ன ஆகும்னு பாருங்க. நிறைய காருல பிரேக்கை லேசாக்கி கொடுக்கற பூஸ்டர் இன்ஜின் ஓடற வரைக்கும்தான் வேலை செய்யும், நின்னதுக்கு அப்புறம் ரெண்டு மூணு மிதி வரைக்கும் மிச்சம் இருக்கும், அதுக்கு மேல பெடல் கல்லு மாதிரி ஆயிடும், பிரேக் பிடிக்கும், ஆனா மொத்த பலத்தையும் போட்டு மிதிக்கணும். இது கிருஷ்ணகிரி பைபாஸ்ல நடந்தா பின்னாடி வர்ற கண்டெய்னர்காரன் என்ன பண்ணுவான்? ஹோண்டா 2024 அக்டோபர்ல பியூவல் பம்புக்காக 90,468 காரை கூப்பிட்டுச்சு, அதோட இன்னும் 2,204 காரையும் சேத்துச்சு, இந்த 2,204ம் முன்னாடி ஸ்பேர் பார்ட்டா அதே பம்பை வாங்கி மாட்டுனது. இதுல இருந்து ரெண்டு பாடம், “என் வண்டி அந்த வருஷத்து மாடல் இல்ல”ன்னு நியூஸ்ல போட்ட தேதிய மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, அப்புறம் நாமளே கடையில பார்ட் வாங்கி வெளிய மாட்டிக்கலாம்னும் நெனைக்காதீங்க, பழைய ஸ்டாக்ல அதே கோளாறு பீஸே வந்து சேரலாம், கம்பெனி ரெக்கார்டுலயும் ரீகால் பெண்டிங்னே கெடக்கும்.

செக் பண்றது அஞ்சு நிமிஷ வேலை. ஆர்சில 17 எழுத்து சேசிஸ் நம்பர் இருக்கும், அதை கம்பெனி வெப்சைட்ல ரீகால் பக்கத்துல போட்டா வந்துடும், முடியலன்னா சர்வீஸ் சென்டருக்கு போன் பண்ணி நம்பரை சொன்னா பாத்து சொல்லுவாங்க. சியாம்னு கார் கம்பெனிங்க சங்கம் ஒண்ணு இருக்கு, 2012ல இருந்து கம்பெனிங்க தானா முன்வந்து பண்ற ரீகால் லிஸ்ட்ட அவங்க வெப்சைட்ல போடறாங்க, அதையும் பாக்கலாம். மாடல் பேரை மட்டும் சொல்லி தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு முடிவு பண்றதுல அர்த்தமே இல்ல, ஒரே மாசம் ஒரே மாடல் எடுத்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு இருக்கும் ஒருத்தருக்கு இருக்காது.

ரீகால்னு போன் வந்தா ஏமாத்து வேலைன்னு கட் பண்றவங்களும் இருக்காங்க, அந்த பயம் நியாயம்தான். ஓடிபி கேட்டாலோ பணம் கேட்டாலோ கட் பண்ணிடுங்க, ஆனா அதோட விட்டுடாதீங்க, நாமளே சேசிஸ் நம்பரை போட்டு பாத்துட்டா உண்மையா பொய்யான்னு தெரிஞ்சிடும்.

“அடுத்த சர்வீஸ்ல சேத்து பாத்துக்கலாம்”ங்கறது சில ரீகாலுக்கு ஓகே, சிலதுக்கு ஓகேவே இல்ல. நோட்டீஸ்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. 2023 ஜனவரில மாருதி 17,362 வண்டிய, ஏர்பேக் எப்ப விரியணும்னு முடிவு பண்ற ஏர்பேக் கண்ட்ரோலருக்காக கூப்பிட்டப்ப, பார்ட் மாத்தற வரைக்கும் வண்டியவே ஓட்டாதீங்கன்னு சொல்லுச்சு. 2021 செப்டம்பர்ல சியாஸ், எர்டிகா, பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 எல்லாம் சேத்து 1,81,754 வண்டிக்கு இன்ஜினுக்கு உதவி பண்ணி கரண்டும் தயாரிக்கற மோட்டார் ஜெனரேட்டர் யூனிட் ரீகால் வந்துச்சு, பார்ட் மாத்த நவம்பர் ஆகும், அதுவரைக்கும் தண்ணி தேங்குன ரோட்டுல ஓட்டாதீங்க, எலக்ட்ரிக்கல் சாமான் மேல நேரா தண்ணி அடிக்காதீங்கன்னாங்க. இதை படிக்காம வாட்டர் வாஷுக்கு விட்டு பானெட்டை தூக்கி பிரஷர்ல அடிக்க விட்டா எப்படி. ஓட்டக்கூடாதுன்னு இருந்தா வண்டிய வந்து எடுத்துட்டு போகச்சொல்லி கேளுங்க, அதுல கூச்சப்பட ஒண்ணுமில்ல.

எல்லா ரீகாலையும் ஒரே தராசுல போடவும் வேண்டாம். ஸ்டியரிங், பிரேக், ஏர்பேக், பெட்ரோல் லைன், தீப்பிடிக்கற வயரிங், இதெல்லாம் யோசிக்கவே கூடாத லிஸ்ட். டெஸ்ட்ல மட்டும் புகை கம்மியா காட்டற சாப்ட்வேர் போட்டு மாட்டுன போக்ஸ்வேகன் டீசல் புகை விவகாரத்துல 2015 டிசம்பர்ல இங்க 3,23,700 வண்டிக்கு ரீகால் அறிவிச்சப்ப, சாப்ட்வேர் மாத்துனா மைலேஜ் போயிடுமோன்னு ஓனருங்க தயங்குனாங்க, அது புகை சம்பந்தப்பட்டது, அதுல கேள்வி கேட்டு நிதானமா முடிவெடுக்கலாம். உயிர் சம்பந்தப்பட்டதுக்கும் அதே தயக்கத்தை கொண்டு வராதீங்க.

சட்டம் பத்தி ஒரு குழப்பம் இருக்கு. 2021 ஏப்ரல் 1ல இருந்து அரசாங்கமே கம்பெனிய ரீகால் பண்ண உத்தரவு போடலாம், அது 7 வருஷத்துக்கு உள்ள இருக்கற வண்டிக்கு. இதை கேட்டுட்டு “என் வண்டி 9 வருஷம், எனக்கு வராது”ன்னு சிலர் சொல்றாங்க, தப்பு. கம்பெனி தானா முன்வந்து பண்ற ரீகாலுக்கு இந்த 7 வருஷ கணக்கு பொருந்தாது, பழைய வண்டிக்கும் வரும்.

சர்வீஸ் சென்டர் உள்ள போன பிறகும் தப்பு நடக்கும். ரீகாலுக்குன்னு போன வண்டிக்கு அட்வைசர் வீல் அலைன்மென்ட், ஏசி கிளீனிங், த்ராட்டில் கிளீனிங்னு அடுக்குவாரு, நாமளும் தலையாட்டிட்டு வந்துட்டு அப்புறம் “ரீகால் ப்ரீன்னாங்க, நாலாயிரம் பில் வந்துச்சு”ன்னு ஊரெல்லாம் சொல்றோம், அதை கேட்டு பத்து பேர் போகாம நிக்கறாங்க. அந்த பத்து பேர்தான் எனக்கு கவலை. “ரீகால் வேலை மட்டும் பண்ணுங்க, வேற எது பண்ணாலும் கேட்டுட்டு பண்ணுங்க”ன்னு, என்ன வேலைன்னு அவங்க எழுதற ஜாப் கார்டுலயே எழுதச்சொல்லி அப்புறம் கையெழுத்து போடுங்க. வேலை முடிஞ்சதும் எந்த ரீகால், என்ன பார்ட் மாத்துனாங்கன்னு எழுதுன பில்லு ஜீரோ ரூபாயா இருந்தாலும் வாங்கி ஆர்சியோட வச்சுக்குங்க, நாளைக்கு வண்டிய விக்கும்போது வாங்கறவருக்கு அதை கொடுத்துடலாம். அதே இடத்துல போன் நம்பரையும் அட்ரஸையும் உங்க பேருக்கு மாத்தச்சொல்லிடுங்க, அடுத்த ரீகால் வந்தா பெங்களூர்காரருக்கு போகாம உங்களுக்கே வரும்.

அப்புறம் அரூர்ல இருந்தோ அஞ்செட்டில இருந்தோ காலைல கெளம்பி ஓட்டிட்டு போய் “பார்ட் வரலைங்க, பத்து நாள் கழிச்சு வாங்க”ன்னு கேட்டுட்டு திரும்பறவங்க நெறைய, ரெண்டாவது தடவை போகவே மாட்டாங்க. முன்னாடி நாளே போன் போட்டு சேசிஸ் நம்பரை சொல்லி, பார்ட் கையில இருக்கா, எத்தனை மணி நேரம் ஆகும்னு கேட்டுட்டு அப்பாயின்ட்மென்ட் போட்டு போங்க, இல்லன்னா பார்ட் வந்ததும் கூப்பிடுங்கன்னு நம்பர் கொடுத்துட்டு, ஒரு வாரம் பாத்துட்டு நீங்களே திரும்ப போன் பண்ணுங்க.