பிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின்

அம்மாவுக்கு இன்சுலின் எழுதிய அன்று, "பிரிட்ஜில் வையுங்கோ" என்றார்கள் கிளினிக்கில். அம்மா தலையாட்டினார். மண்டூருக்குத் திரும்ப, வாவியைக் கடக்கும் படகான பாதையில் ஏறி, வாவியின் நடுவுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார்: "பிரிட்ஜுக்கு நாம எங்க மகள் போற?"

அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கம். நீங்கள் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அடுத்த கிளினிக் வரைக்கும் போதுமான அளவு மட்டும் தரமுடியுமா என்று கேட்க வழி பிறக்கும்.

எங்களுக்குத் தெரிந்த வழி கடைதான். முட்டைச்சந்தியில் இருக்கும் மாமாவின் கடையில், பிரிட்ஜில் வைக்கக் கொடுத்தோம். அவர் பத்திரமாக இருக்கட்டும் என்று ஐஸ் பக்கற்றுகளுக்கு நடுவில் வைத்துவிட்டார். உறைந்து போயிற்று. உறைந்த இன்சுலின் இளகினாலும் உதவாது, வீசத்தான் வேண்டும். பிழை எங்களுடையது, "கீழ்த் தட்டில் வையுங்கோ" என்று சொல்லாமல் விட்டோம். இப்போது திறக்காத போத்தல்கள் மட்டும் அங்கே, கீழ்த் தட்டில், 2 முதல் 8 பாகை செல்சியஸுக்குள்.

பாவிக்கும் போத்தலுக்கு பிரிட்ஜ் கட்டாயமில்லை. 30 பாகைக்கு மேல் சூடு ஏறாமல் பார்த்தால் பொதுவாக 4 கிழமை தாங்கும். உங்கள் போத்தலுக்கு எத்தனை நாள் என்று மருந்து தருபவரிடம் கேட்டு, திறந்த திகதியை அதிலேயே எழுதிவிடுங்கள். ஆனால் தகரக் கூரைக்குக் கீழே, கச்சான் காற்று வீசும் மாதங்களில், 30 பாகையா? அதற்குத்தான் பானை.

பெரிய மண்பானை ஒன்று, அதற்குள் அடங்கும் தயிர்ச்சட்டி ஒன்று. வர்ணம் பூசியது வேண்டாம், மண் சுவாசிக்க வேண்டும். பானையின் அடியில் ஆற்று மணல் போட்டுச் சட்டியை வைத்து, இடைவெளியையும் மணலால் நிரப்பி, தண்ணீர் ஊற்றுங்கள். போத்தலை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சட்டிக்குள் வையுங்கள், ஈரம் படக்கூடாது. மேலே நனைத்த சாக்கு. வெயில் படாத, காற்று வரும் இடம். எங்களுக்கு அது கிணற்றடிக் கொட்டில். காலையும் மாலையும் மணலை நனைக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். தண்ணீர் ஆவியாகப் போகும்போது சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். பிரிட்ஜ் அளவுக்குக் குளிராது, வெளிச்சூட்டை விடக் குறையும், அவ்வளவுதான். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் குளிர்வு குறைவு, ஆனால் அப்போது வெயிலும் அவ்வளவு கடுமை இல்லை.

கிளினிக்கிலிருந்து வரும்போது மோட்டார் சைக்கிள் சீட்டுக்குக் கீழே வைக்காதீர்கள். ஈரத்துணி சுற்றிய டப்பா, கைப்பையில்.

ஊசி போடுமுன் பாருங்கள். தெளிந்த வகை கலங்கியிருந்தால் வேண்டாம். பால்போல் இருக்கும் கலவை வகையை உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டுங்கள், குலுக்கக்கூடாது. உருட்டியும் கட்டி கட்டியாக நின்றால் அதுவும் வேண்டாம். காரணமில்லாமல் சீனி ஏறினால் முதலில் போத்தலைச் சந்தேகப்படுங்கள், நீங்களாக அளவைக் கூட்டாமல், போத்தலையும் கிளினிக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.