தென்னையும் கடலும் இருந்தும் படம் சப்பென்று இருந்தது

கடற்கரையில் எடுத்த படங்களைப் பெரிய திரையில் போட்டுப் பார்த்தால் எல்லாமே ஒரே மாதிரி: மேலே வெளுத்த வானம், கீழே வெறும் மணல், நடுவில் அடிவானம் படத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு, அதுவும் லேசாகச் சாய்ந்து. 16 மி.மீ. அகலக் கோண லென்ஸில் எல்லாவற்றையும் அடக்கிவிடலாம் என்று நினைத்ததுதான் தப்பு. தூரத்துத் தென்னை தீக்குச்சி ஆகிவிடுகிறது.

மறுநாள் காலை அலை வற்றும் நேரத்தில் போய், மண்டியிட்டு, ஈர மணலில் பாதி புதைந்திருந்த ஒரு தேங்காய் மட்டைக்கு ஒன்றரை அடி தள்ளி கேமராவை வைத்தேன். அலை திரும்பும்போது மட்டையைச் சுற்றி நுரை கோடு கோடாக வழிந்தது, பார்வையை நேரே கடலுக்கு இழுத்துப் போனது அந்தக் கோடுகள்தான். அடிவானத்தை மேல் மூன்றில் ஒரு பங்குக்கு ஏற்றினேன், திரையில் கட்டக் கோடுகளை வைத்துச் சாய்வையும் சரிசெய்தேன். லென்ஸ் துளை எஃப் 11, கிட்டத்து மட்டையும் தூரத்துக் கடலும் சேர்ந்து தெளிவாக விழ.

அப்புறம் போலரைசர் ஃபில்டர், அதாவது லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பினால் வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் கண்ணாடி. சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில்தான் நீலம் நன்றாக அடர்கிறது. ஆனால் இவ்வளவு அகலமான லென்ஸில் முழுசாகத் திருப்பினால் வானத்தில் ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டு விழும், அதனால் பாதியில் நிறுத்தினேன். லென்ஸில் தெறித்த உப்புத் துளியைக் கவனிக்காமல் முதல் 20 படங்கள் வீணானது தனிக் கதை.