கோழி முட்டைக் கணக்குல பாம்பு முட்டைய வெச்சிராதீங்க

மட்டக்களப்புக் களுவாஞ்சிகுடியில நான் ஊர்க்கோழி முட்டைய இன்குபேட்டர்ல வெச்சுப் பொரிச்சுக் குடுக்கிறனான். ரொறன்ரோவில இரிக்கிற மாமாட மகன் ஒரு நாள் ராவு கோல் எடுத்து, “மச்சான், என்ட பாம்பு 14 முட்டை போட்டிரிக்கு, நீதானே முட்டை பொரிக்கிற ஆள், என்ன செய்யிற சொல்லு” எண்டு கேட்டான். கோர்ன் ஸ்னேக் எண்டு அமெரிக்காப் பக்கத்துச் சாதி, விசமில்ல, அங்க கனபேர் வீட்டுல வளக்கிற பாம்பு. நான் கோழிக்குச் செய்யிறத அப்பிடியே சொல்லிக் குடுத்தன். 14 முட்டையும் போச்சு. அது எனக்கு இண்டைக்கும் மனசுக்குள்ள கிடக்கு, அதுக்குப் பிறகுதான் ரெண்டு பேருமா இருந்து ஒவ்வொண்டாத் தேடிப் படிச்சம், அடுத்த வருசம் 11 குட்டி வந்துது.

முதல்ல நம்மட ஊர்க் கதை ஒண்டு. இஞ்ச இலங்கையில மலைப்பாம்பு உட்பட அநேகமான பாம்புகள 1937ம் ஆண்டு வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் பாதுகாக்குது. அதால வளவுல, புத்துல முட்டையக் கண்டா பாவம் எண்டு எடுத்துக்கொண்டு வந்து பெட்டியில வைக்காதீங்க, கிடக்கிற இடத்துல கிடக்க விட்டுட்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்க. இந்தக் கட்டுரை வெளிநாட்டுல சட்டப்படி வளக்கிற நம்மட ஆக்களுக்கு.

பெரிய பிழை முட்டையப் பிரட்டுறது. கோழி முட்டைய ஒரு நாளைக்கு மூணு தரமாவது பிரட்டாட்டி கரு கோதோட ஒட்டிப் போயிரும், அதத்தான் நானும் அவனுக்குச் சொன்னன். ஆனா பாம்பு முட்டை அதுக்கு நேர் எதிர். கோழி முட்டைய உடைச்சா மஞ்சக்கருவுக்கு ரெண்டு பக்கமும் வெள்ளையா முறுக்கின கயிறு மாதிரி ஒண்டு தெரியும் பாருங்க, மஞ்சக்கருவ நடுவுல பிடிச்சு வெச்சிருக்கிறது அதுதான், பாம்பு முட்டையில அது இல்ல. போட்டு ஒண்டு ரெண்டு நாளையிலயே கரு மேல்பக்கச் சவ்வுல ஒட்டிரும், மறுகா நீங்க பிரட்டினா மஞ்சக்கரு பாரமெல்லாம் கருவுக்கு மேல வந்து ரத்தக் குழாய் அறுந்து குட்டி செத்துப் போகும். அதால முட்டையக் கண்ட உடன பென்சிலால மேல்பக்கத்துல ஒரு புள்ளி வைங்க, எடுத்தாலும் வெச்சாலும் அந்தப் புள்ளி மேலதான் இரிக்கோணும். பேனை, மார்க்கர் வேணாம். முட்டையள் ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடந்தா இழுத்துப் பிரிக்காதீங்க, குவியலா அப்பிடியே தூக்கி வைங்க.

அடுத்தது சூடு. கோழிக்கு 37.5 டிகிரி. அந்தச் சூட்டுல கோர்ன் ஸ்னேக் முட்டை அவிஞ்சிரும், அதுக்கு 27 - 29 டிகிரி போதும், ஏறக்குறைய 60 நாள் எடுக்கும். போல் பைதன் எண்ட ஆபிரிக்காச் சின்ன மலைப்பாம்பு எண்டா 31 - 32. சூட்டக் கூட்டினா கெதியாப் பொரிக்கும் எண்டு ஒருத்தரும் நினைக்காதீங்க, கெதியா வரும்தான், ஆனா முள்ளந்தண்டு வளைஞ்சு நெளிஞ்ச குட்டியாத்தான் வரும், அதப் பாக்கிறது பெரிய வேதனை. நம்மட மட்டக்களப்புல கச்சான் காத்து அடிக்கிற நாளையில வீட்டுக்குள்ளயே 34 வந்திரும், இஞ்ச எண்டா குளிராக்கிறதுதான் பாடு. அங்க வீட்டுக்குள்ள 20, 21 எண்டு கிடக்கும், அதால சூட்ட ஒரே அளவுல வெச்சிருக்கிற தேர்மோஸ்டட் இல்லாம ஒண்டும் தொடங்க வேணாம். அதுட சென்சர் முட்டை கிடக்கிற மட்டத்துல இரிக்கோணும், மூடியில இல்ல. வேற ஒரு டிஜிட்டல் தேர்மோமீட்டரும் பக்கத்துல வைங்க, ஒண்டு பொய் சொன்னா மற்றது காட்டிக் குடுக்கும். மீன் பெட்டி மாதிரி தடிச்ச ரெஜிபோம் பெட்டிக்குள்ள ரெண்டு மூணு போத்தல் தண்ணியும் வெச்சீங்க எண்டா கரண்ட் போனாலும் சூடு உடன இறங்காது. பாம்பு முட்டை போடுறதுக்கு முதலே இந்தப் பெட்டிய ஓட விட்டுப் பாக்கோணும். கோர்ன் ஸ்னேக் கடைசியாச் செட்டை (பழைய தோல்) கழட்டி 10 நாள் போல கழிச்சுத்தான் முட்டை போடும், அந்த நாளையில ஆயத்தம் பண்ணலாம்.

தண்ணி விசயத்துலதான் ரெண்டாம் முறையும் நாங்க கொஞ்சம் தடுமாறினம். கோழி முட்டைக் கோது சுண்ணாம்பு மாதிரிக் கெட்டி, நாள் போகப் போகத் தண்ணிய இழக்கும். பாம்பு முட்டைத் தோல் மெல்லிய லெதர் போல, தண்ணிய உறிஞ்சி ஊதி வளரும். அதால காத்தாடி சுத்துற கோழி இன்குபேட்டர்ல சும்மா வெச்சா காஞ்சு குழி விழுந்திரும். வேர்மிகுலைட் எண்டு தண்ணிய உறிஞ்சி வெச்சிருக்கிற ஒரு கனிமத் துகள் இரிக்கு, அதுல நிறைக்கு நிறை தண்ணி சேத்துப் பிசைங்க, கையில இறுக்கிப் பிழிஞ்சா தண்ணி ஒழுகக் கூடாது, அதான் பதம். வளவு மண்ணெல்லாம் போடாதீங்க, பூஞ்சணம் வந்திரும். முட்டைக்கு மேல தண்ணி ஸ்ப்ரே அடிக்கவே வேணாம், மூடியில இருந்து முட்டைக்கு மேல சொட்டினாலும் கெடுதல்தான், பெட்டியக் கொஞ்சம் சரிச்சு வெச்சா அது ஓரத்தால வழிஞ்சிரும். கிழமைக்கு ஒருக்கா திறந்து காத்து மாத்தினாப் போதும்.

ஒரு முட்டை சுருங்கின உடன கூழ்முட்டை எண்டு எறியிறவங்களும் இரிக்காங்க. ஒரு கிழமை கழிச்சு இருட்டுல போன் டோர்ச்சப் பக்கத்துல பிடிச்சா, தூக்காமலே, உள்ள சிவப்பு நரம்பு தெரியும், தெரிஞ்சா உயிர் இரிக்கு. கடைசி ரெண்டு கிழமையில நல்ல முட்டையும் குழி விழும், அது வழமை. மஞ்சளாகி, நாறி, பூஞ்சணம் பிடிச்சா மட்டும் எடுங்க, மற்றதோட ஒட்டியிருந்தா அதையும் விட்டிருங்க.

பொரிக்கிற நேரம் அந்தரப்படாதீங்க. குட்டி முட்டைப் பல்லால தோலக் கீறி மூக்க மட்டும் வெளிய நீட்டிக்கொண்டு ஒண்டு ரெண்டு நாள் அப்பிடியே கிடக்கும், மிச்ச மஞ்சக்கருவ உள்ள இழுத்துக்கொண்டு இரிக்கும். இழுத்தீங்க எண்டா கொடி அறுந்து ரத்தம் போகும். மச்சான் அந்த ராவு முழுக்கப் பெட்டிக்குப் பக்கத்துலயே இருந்தவன், கையப் போடல. வெளிய வந்த குட்டியள ஈர டிசு போட்ட சின்னச் சின்னப் பொக்சுல தனித்தனியா வைங்க, அண்டைக்கே சாப்பாடு குடுக்க வேணாம். ஒரு கிழமை, 10 நாளையில முதல் செட்டை கழட்டும், அதுக்குப் பிறகு கண் திறக்காத எலிக்குஞ்சு ஒண்டு குடுங்க. அவன்ட 11ல 9 குட்டி முதல் நாளே எடுத்துது, மற்ற ரெண்டும் அடுத்த கிழமை எடுத்துது.