கேபிள் மாற்றிய பிறகு கொம்பியூட்டர் பிந்தி எழும்புகிறதா? போர்மட் அடிக்க முதல் இதைப் பாருங்கள்

புது எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) போட்டு, பழைய ஹார்ட் டிஸ்க்கை வேறு சொக்கெட்டுக்கு மாற்றி, உள்ளே கிடந்த வயர்களையும் ஒழுங்குபடுத்தி மூடியாயிற்று. அதுவரை கெதியாக வந்த திரை இப்போது நிமிடக் கணக்கில் கறுப்பாகவே நிற்கிறது. கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ புதுக்குடியிருப்பிலோ யாரிடமாவது கேட்டால் அனேகமாக வருகிற பதில், "விண்டோஸ் பழுதாப் போச்சு, போர்மட் அடிக்க வேணும்." அவசரப்படாதீர்கள். கேபிளைத் தொட்ட பிறகு வந்த கோளாறைக் கேபிளில்தான் முதலில் தேட வேண்டும். போர்மட் அடித்தாலும் வயரில் உள்ள பிழை அப்படியே இருக்கும். போவது உங்கள் கோப்புகள்தான்.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அல்பங்களைத் தொலைத்த வீடுகள் வன்னியில் எத்தனையோ. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் ஸ்கான் பண்ணி அனுப்பிய அம்மம்மாவின் படம் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் இருக்கும். ஆகவே, பிந்தியாவது கணினி திறக்கிறதென்றால், முதல் வேலையாக முக்கியமான படங்களையும் ஆவணங்களையும் ஒரு பென் டிரைவில் எடுத்து வையுங்கள்.

1. எந்த இடத்தில் நிற்கிறது?

பவர் பட்டனை அமத்திவிட்டுத் திரையைக் கவனியுங்கள். மதர்போர்ட் (எல்லா வயரும் வந்து சேரும் பெரிய பலகை) கம்பனியின் சின்னத்திலோ வெறும் கறுப்பிலோ நின்றால் தாமதம் பயாஸ் பகுதியில், அதாவது விண்டோஸுக்கு முதல் மதர்போர்ட் தானே ஓட்டுகிற தொடக்க மென்பொருளில். புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கிய பிறகு இழுபட்டால், விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து வாசிக்கச் சிரமப்படுகிறது.

விண்டோஸ் 10, 11 இல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பக்கத்தில், மேலே வலப்பக்கம், 'லாஸ்ட் பயாஸ் டைம்' என்று செக்கன் கணக்கு இருக்கும். பழைய மதர்போர்ட்களில் அது தெரியாது. அந்தச் செக்கன் கணக்கில் பெரிய எண் நின்றால் விண்டோஸில் குற்றமில்லை. ஒவ்வொரு முறையும் ரீஸ்டார்ட் கொடுத்தே சோதியுங்கள். ஷட்டவுன் பண்ணி எழுப்பும்போது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறுக்கே வந்து உண்மையான நேரத்தை மறைத்துவிடும்.

மதர்போர்டில் உள்ள சீமோஸ் பற்றரியை (பயாஸ் அமைப்புகளைக் காக்கிற சின்ன வட்டப் பற்றரி) கழற்றிப் போட்டிருந்தால் முதல் தடவை மட்டும் நேரம் எடுப்பது சாதாரணம். இரண்டாம் தடவையும் அப்படியென்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

2. மூடியைத் திறந்து வடிவாகப் பாருங்கள்

சுவிட்சை நிறுத்தி, பிளக்கையே சுவரிலிருந்து கழற்றுங்கள். பவர் பட்டனைச் சில செக்கன்கள் அமத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தைப் போக்குங்கள். கேசின் பூச்சில்லாத இரும்பைத் தொட்டுவிட்டு உள்ளே கைவையுங்கள்.

டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கிற சாட்டா டேட்டா கேபிள் ஒடுக்கமானது, அதில் 7 தொடுமுனைகள். பவர் கேபிள் அகலமானது, அதில் 15. இரண்டின் வாயும் 'ட' போல ஒரு பக்கம் மடிந்திருப்பதால் மாறிப் போகாது. ஆனால் அரைவாசி மட்டும் போய் நிற்கும். ரோர்ச் அடித்துப் பக்கவாட்டில் பாருங்கள்: ஒரு முனை உள்ளே இறங்கி, மற்ற முனை நகக்கண் அளவு மேலே நிற்கும். கண்ணுக்குப் பொருந்தியது போலத்தான் தெரியும். கேசின் மூடி கேபிளை அமத்தி வளைத்திருந்தாலும் இதேதான் நடக்கும். உலோகக் கிளிப் இருந்தால் அதை அமத்திக்கொண்டு தலையைப் பிடித்து இழுங்கள், வயரில் பிடித்து இழுக்கக் கூடாது. திரும்பக் கொழுவும்போது நேராக இறக்குங்கள். கிளிப் உள்ளது 'கிளிக்' என்று நிற்கும்.

எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி இந்தச் சொக்கெட்டுகளுக்குள்ளும் போய்ப் படிந்திருக்கும். காய்ந்த, மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும்.

பழைய பவர் சப்ளையின் நாலு முள் வயரிலிருந்து சாட்டாவுக்கு மாற்றுகிற அடாப்டர் போட்டிருக்கிறீர்களா? பிளாஸ்டிக் ஒரே வார்ப்பாக உள்ள மலிவான அடாப்டர்கள் உருகி எரிந்திருக்கின்றன. நிறம் மாறியிருந்தால் உடனே எறிந்துவிடுங்கள். சீபீயூ மின்விசிறியின் வயர் கழன்றிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் பல மதர்போர்ட்கள் எச்சரிக்கை காட்டி, ஒரு பட்டனை அமத்தும்வரை நின்றுவிடும்.

3. ஒரு டிஸ்க்கை மட்டும் வைத்து எழுப்புங்கள்

இதுதான் முழு வேலையிலும் பெறுமதியான சோதனை. விண்டோஸ் இருக்கிற டிஸ்க்கைத் தவிர மற்ற ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ் எல்லாவற்றினதும் டேட்டா, பவர் கேபிள்களைக் கழற்றுங்கள். யூஎஸ்பியில் கீபோர்டும் மவுசும் போதும். கெதியாக எழும்பினால் குற்றவாளி கழற்றியவற்றில் ஒன்று. ஒவ்வொரு முறையும் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் திரும்பக் கொழுவுங்கள். எதைக் கொழுவியபோது பிந்துகிறதோ அதன் கேபிளை மட்டும் மாற்றிப் பாருங்கள். கேபிளையும் சொக்கெட்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று ஒருநாளும் தெரியாது.

4. பயாஸில் பூட் ஒழுங்கு

சொக்கெட் மாறினால் பூட் வரிசையும், அதாவது எதிலிருந்து முதலில் எழும்புவது என்ற ஒழுங்கும், மாறலாம். எழும்பும்போது டெலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டி உள்ளே போங்கள். விண்டோஸ் டிஸ்க் முதலாவதாக இருக்க வேண்டும். நெட்வொர்க் அல்லது பிஎக்ஸ்இ (நெட்வொர்க் வழியாக எழும்புவது) என்று ஏதாவது முன்னுக்கு நின்றால், அது பதில் வரும்வரை காத்திருந்தே நேரத்தைத் தின்னும், அணைத்துவிடுங்கள். பயாஸ் அப்டேட் மட்டும் இப்போது வேண்டாம். இடையில் கறண்ட் நின்றால் மதர்போர்டே எழும்பாமல் போகலாம்.

சொக்கெட்டின் வேகமும் ஒன்றல்ல. உதாரணமாக, எச்81 என்ற வகைச் சிப்செட் உள்ள மதர்போர்ட்களில் சாட்டா சொக்கெட் 4. அவற்றில் 2 மட்டும் செக்கனுக்கு 6 கிகாபிட், மற்ற 2 உம் 3 கிகாபிட். எஸ்எஸ்டியை வேகமானதில் போடுங்கள். ஆனால் நிமிடக் கணக்கான தாமதத்துக்கு இது காரணமாகாது.

5. கேபிள் பிழையா, டிஸ்க் பிழையா?

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, சி7 என்ற வரி இருந்தால் அதன் எண்ணைக் குறித்து வையுங்கள். டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு சிதைந்து வந்த தடவைகளின் கணக்கு அது. சிக்னல் குறைந்த இடத்தில் ஃபோன் கதைக்கிறவர் "என்ன? திரும்பச் சொல்லுங்கோ" என்று கேட்டுக்கொண்டிருப்பது போல, பழுதான கேபிளில் சிதைந்த துண்டுகள் திரும்பத் திரும்ப அனுப்பப்படுகின்றன. பழைய எண் அழியாது, அதனால் அதைக் கண்டு பயப்பட வேண்டாம். கேபிள் மாற்றிய பிறகும் ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. விண்டோஸின் பதிவேடான ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 129, 153 என்ற எண்கள் அடிக்கடி வந்தாலும் கேபிளை, பவரை, சொக்கெட்டைச் சந்தேகியுங்கள்.

புதுக் கேபிள் வாங்க வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ போகிற நாளில், கிளிப் உள்ளதாக இரண்டு வாங்குங்கள். 1 மீற்றருக்கு மேல் நீளம் கூடாது. தேவையான அளவுக்குக் கட்டையானதே நல்லது. பழையதை வெட்டி எறியுங்கள், இல்லாவிட்டால் அது திரும்ப இன்னொரு கணினிக்குள் போகும்.

கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் 05, சி5, சி6 வரிகளில் எண் ஏறிக்கொண்டு போனால் டிஸ்க்கே பழுதாகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது திரும்பத் திரும்ப ஓன் பண்ணிச் சோதிக்க வேண்டாம். மிச்சக் கோப்புகளை எடுத்துவிட்டு டிஸ்க்கை மாற்றுங்கள். எடுக்க முடியாவிட்டால் திருத்துகிறவரிடம் கொடுக்கும்போதே, "உள்ளே இருக்கிறது வேணும், போர்மட் அடிக்காதேங்கோ" என்று ஒரு தாளில் எழுதி டிஸ்க்கிலேயே ஒட்டிக் கொடுங்கள்.